பியருக்கு ஜுரம் பார்ப்பது எப்படி?

தெர்மாமீட்டர் புழக்கத்துக்கு வருமுன் இங்கிலாந்தில் பியர் காய்ச்சியவர்கள் சூடு பார்த்த விதமே அலாதி. பெரிய அண்டாவில் கொதிக்கிற தண்ணீரை இறக்கி வைப்பார்கள். முதலில் ஒரே ஆவி, ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ஆறியதும் குனிந்து பார்த்தால் சொந்த முகம் தண்ணீரில் தெரியும். அந்தக் கணத்தில் முளைகட்டிய பார்லியைக் கொட்டிக் கிளறுவார்கள். (முகம் தெரிந்தால் போதுமா, மீசை நுனி தெரியணுமா என்பதெல்லாம் குடும்ப ரகசியம்.)

1758-ல் மைக்கேல் கோம்ப்ரூன் என்ற லண்டன்காரர் 'ஐயா, இதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது' என்கிற ரீதியில் ஒரு புத்தகம் போட்டார். பரம்பரைத் தொழில்காரர்கள் லேசில் கேட்பார்களா? ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்று ஒரு பியர் முதலாளி மகன். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அப்பா கண்ணில் படாமல் ஒளித்து வைத்து உபயோகித்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரியாமல் சிகரெட் பிடித்தவர்களை நமக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் தெர்மாமீட்டர் வைத்திருந்த பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அடுத்த நூற்றாண்டில் இன்னொரு பியர் முதலாளி மகன். பெயர் சொன்னால் ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும்: ஜேம்ஸ் ப்ரெஸ்காட் ஜூல். ஸால்ஃபோர்டில் குடும்பத்துக்குச் சொந்தமாக பியர் ஆலை. வெப்பமும் உழைப்பும் ஒன்றேதான் என்று நிரூபிக்க, தண்ணீரில் துடுப்பைச் சுழற்றி அது எவ்வளவு சூடாகிறது என்று அளந்த ஆசாமி. ஃபாரன்ஹீட்டில் 200-ல் ஒரு பங்கைக்கூடப் படிப்பேன் என்றார். பல விஞ்ஞானிகள் லேசில் நம்பவில்லை. 1847-ல் இவரை ஆல்ப்ஸ் மலைப் பக்கம் தேனிலவில் சந்தித்ததாகவும், கையில் நீளமாக ஒரு தெர்மாமீட்டர் இருந்ததாகவும் கெல்வின் பிற்பாடு ஒரு கதை சொன்னார். அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கத்தானாம். மனைவி என்ன சொன்னார் என்று கெல்வின் சொல்லவில்லை.

இந்தப் புராணமெல்லாம் இப்போது எதற்கு என்றால், என் சித்தப்பா பையனுக்காக. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், டென்வரில் இருக்கிறான். பகலில் கம்ப்யூட்டர், சனிக்கிழமை கராஜில் பியர் காய்ச்சல். அங்கே இது சட்டப்படி சரி. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட சட்டம். ஒரு ஆளுக்கு வருஷம் 100 காலன், வீட்டில் வயது வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் 200 காலன், விற்கக் கூடாது. அப்படியும் அலபாமாவும் மிஸிஸிப்பியும் 2013 வரை முரண்டு பிடித்தன. நம்ம ஊரில்? வேண்டாம் ராஜா. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் பாயும். இன்ஸ்பெக்டர் வந்து உங்கள் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

சூட்டில் அப்படி என்ன இருக்கிறது? முளைகட்டிய பார்லியை உடைத்து, சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். அதற்குள் பார்லியில் இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையாக மாறவேண்டும். மாற்றுவது பார்லிக்குள்ளேயே இருக்கும் இரண்டு என்ஸைம்கள், அதாவது இரண்டு குமாஸ்தாக்கள். முதல் ஆள் 60-லிருந்து 65 டிகிரி வரை குஷியாக வேலை செய்வார். ஓரத்திலிருந்து பொறுமையாக, ஈஸ்ட் சுலபமாகச் சாப்பிடக்கூடிய சின்னத் துண்டுகளாக நறுக்குவார். இரண்டாவது ஆள் 70-ஐ ஒட்டிச் சுறுசுறுப்பாவார். கண்ட இடத்தில் வெட்டுவார். ஈஸ்டுக்குச் செரிக்காத பெரிய துண்டுகள் மிஞ்சும். முதலாமவர் கை ஓங்கினால் பியர் இனிப்பே இல்லாமல் தண்ணியாக இருக்கும். இரண்டாமவர் கை ஓங்கினால் கெட்டியாக, லேசாகத் தித்திக்கும். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கிற இடம் சுமார் 66 டிகிரி. 78-ஐத் தாண்டினால் இரண்டு பேரும் ராஜினாமா.

ஆக, இரண்டு மூன்று டிகிரி பிசகினாலே வேறு பானம். காய்ச்ச ஐந்து மணி நேரம், புளிக்க இரண்டு வாரம், பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம். ஒரு தடவைக்கு 19 லிட்டர். தப்பு நடந்திருக்கிறதா என்று ஒரு மாசம் கழித்துத்தான் தெரியும்.

நம்ம பையன் உஷார்ப் பேர்வழி. வட்ட முகம், முள், நீளக் கம்பி வைத்த டயல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினான். வாங்கியதைச் சோதிக்காமல் விடக்கூடாது என்று படித்திருக்கிறான். கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தான். முள் 95-ல் நின்றது. 'தண்ணீர் 100-ல் கொதிக்கும்' என்பது நம் எல்லோருக்கும் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். டயலுக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும். அதைத் திருகி முள்ளை 100-க்கு நகர்த்திவிட்டான். அப்புறம் காய்ச்சினதெல்லாம் சோடா மாதிரி இருந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பார்லியை மாற்றினான், ஈஸ்டை மாற்றினான். "அண்ணா, எனக்கு ராசியில்லை, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடப் போறேன்" என்று போனில் புலம்பினான். கராஜில் இனிமேல் கார் மட்டும்தான் என்று மனைவியும் தீர்மானம் போட்டுவிட்டாள்.

அந்த சமயம் பார்த்து சித்தப்பா அமெரிக்கா போனார். பாய்லர் தொழிற்சாலையில் 30 வருஷம் அளவுக் கருவிகளோடு வாழ்ந்தவர். பியரைத் தொடமாட்டார். பிள்ளை இந்தக் காரியம் செய்வதே பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாவது நாள் கராஜுக்குப் போய் டயலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"இந்த நட்டை யார்டா திருகினது?"

"நான்தாம்ப்பா. கொதிக்கிற தண்ணியில 95-தான் காட்டுச்சு."

"உங்க ஊர் எவ்வளவு உயரம்?"

டென்வருக்கு 'ஒரு மைல் உயர நகரம்' என்றே பட்டப்பெயர். 1,600 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். அங்கே தண்ணீர் 95-லேயே கொதித்துவிடும். தெர்மாமீட்டர் ஆரம்பத்தில் சத்தியத்தைத்தான் சொல்லியிருக்கிறது. பையன் நட்டைத் திருகிப் பொய் சொல்லப் பழக்கிவிட்டான். முள் 66 காட்டியபோது உள்ளே நிஜமாக 61. முதல் குமாஸ்தாவின் தனி ராஜ்ஜியம்.

"ஐஸ் எடுத்துட்டு வா" என்றாராம் சித்தப்பா. அவர் பிள்ளையோடு பேசிய நான்காவது வாக்கியமோ ஐந்தாவதோ. அன்று சாயங்காலம் முழுக்க அப்பாவும் பிள்ளையும் கராஜிலேயே இருந்திருக்கிறார்கள்.

ஐஸ் முறைக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளியை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடவேண்டும். தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் அது ஜூஸ் கடை, சோதனைக்கு ஆகாது. கலக்கி இரண்டு நிமிஷம் விட்டு, கம்பி டம்ளரில் படாமல் பிடித்தால் பூஜ்யம் காட்டவேண்டும். நடுவில் ஒரு புள்ளி வேண்டுமா? வீட்டில் காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதே! நல்லதாக இருந்தால் 40 டிகிரி வாக்கில் அதைவிட நாணயமான சாட்சி விலைக்குக் கிடைப்பது கஷ்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டின் நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடலாம். கொதிக்கிற அண்டாவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 42-க்கு மேல் அதற்குப் பழக்கமில்லை.

கடையில் என்ன வாங்குவது? கண்ணாடிக் குழாய் நேர்மையானது, ஆனால் உடையும். பாதரசம் என்றால் காய்ச்சியதெல்லாம் சாக்கடைக்கு. சிவப்பு ஸ்பிரிட் பரவாயில்லை. டயல் வகையில் நுனி மட்டும் நனைந்தால் போதாது. கம்பியின் கீழ்ப்பகுதி இரண்டு மூன்று அங்குலமாவது முங்கணும். கீழே விழுந்தால் முள் இடம் மாறிவிடும். 2020-ல் எல்லார் நெற்றிக்கும் குறிவைத்த துப்பாக்கி வகையறா மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். மேலே ஆறிப்போன நுரையைப் பார்த்துவிட்டு அடியில் இருப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஜாதி. மல்டிமீட்டரோடு வருகிற கே டைப் ஒயர் நல்ல சூட்டைத் தாங்கும், ஆனால் இரண்டு டிகிரி முன்னே பின்னே அதன் பிறப்புரிமை. நம் வேலைக்குச் சமர்த்து, தெர்மிஸ்டர் வைத்த டிஜிட்டல்தான். மலிவு, சட்டென்று சொல்லும். பணம் இருந்தால் பிளாட்டினம் சென்ஸார். பூஜ்ய டிகிரியில் சரியாக 100 ஓம் காட்டுகிற வம்சம்.

டிஜிட்டலில் ஒரு மாயை உண்டு. 66.4 என்று தசமத்தோடு காட்டினால் உடனே கும்பிடுகிறோம். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'கூட்டல் கழித்தல் 1 டிகிரி' என்று போட்டிருப்பான். அதாவது 65.4-லிருந்து 67.4-க்குள் எங்கேயாவது. அந்த .4 அலங்காரம். பி.காம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: டிரையல் பேலன்ஸ் பைசா சுத்தமாக டாலி ஆகும், உள்ளே இரண்டு தப்பு ஒன்றையொன்று தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது தசமத்தைப் பார்க்காதீர்கள், அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள். அரை டிகிரிக்குள் என்றால் வாங்கலாம்.

இன்னொன்று. எப்போதும் ஒரே மாதிரி இரண்டு டிகிரி கூடக் காட்டுகிற கருவியோடு குடித்தனம் நடத்தலாம். அஞ்சு நிமிஷம் ஃபாஸ்டாக ஓடும் வாட்ச் கட்டிக்கொண்டு சரியாக 9.12 யூனிட்டைப் பிடிப்பவர்கள் இல்லையா? மேலே பேப்பர் ஒட்டி 'கழித்தல் 2' என்று எழுதிவிட்டால் ஆச்சு. இன்று இரண்டு கூட, நாளைக்கு ஒன்று குறைச்சல் என்கிற ஆளைத்தான் உடனே குப்பையில் போடவேண்டும்.

காய்ச்சி முடித்ததும் தெர்மாமீட்டரைக் கழுவி வைத்துவிட முடியாது. ஈஸ்ட் சாப்பிடும்போது அதற்கே சூடு கிளம்பும். அறை 20 என்றால் பீப்பாய்க்குள் 23, 24 கூடப் போகும். ஏல் வகைக்கு 18-லிருந்து 22 வரை உத்தமம். மீறினால் பழ வாசனை, ஆல்கஹால் நெடி, மறுநாள் தலைவலி. லாகருக்குப் பத்து டிகிரி வாக்கில் வேண்டும். அதற்கு ஃப்ரிட்ஜ் இல்லாமல் கதையில்லை.

டென்வர் பையன் ஃப்ரிட்ஜும் வாங்கிவிட்டான், செகண்ட் ஹாண்ட். அதற்குள் வைக்க இன்னொரு டிஜிட்டல். பழையதுக்கும் புதுசுக்கும் அரை டிகிரி வித்தியாசம் வருகிறதாம். யார் சொல்வது சரி என்று பார்க்க மூன்றாவது ஒன்று வாங்கட்டுமா என்று திருச்சிக்குப் போன் போட்டிருக்கிறான். "ஐஸ் இருக்கா வீட்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார் சித்தப்பா.