புது ஃப்ளாட்டும் மூன்று கடற்கரை ஊர்களும்

சங்கரன்கோவிலில் வீடு மாறுகிறோம் என்றால் பெரும்பாலும் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகிறோம் என்றுதான் அர்த்தம். நாங்கள் போன ஆவணியில் மாறியது ஒரு ஃப்ளாட்டின் இரண்டாவது மாடிக்கு. பழைய வீடு பாகம் பிரிந்து விற்றாயிற்று. கைக்கு வந்த பங்கில் தனி வீடு கட்ட முடியாது, ஃப்ளாட் வாங்க முடிந்தது. வீட்டுக்காரர், நான், ஒன்பதாவது படிக்கும் மகள், 74 வயதில் அத்தை. நாலு பேருக்கு இரண்டு படுக்கையறை.

நிறைகுடம், உப்பு, மஞ்சள் மூன்றையும் முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சினோம். அடுத்த நாள் குட்டியானையில் சாமான் வந்து இறங்கியது. ஆட்டுரலும் அம்மியும் மாடி ஏறவில்லை. அவற்றைக் கிராமத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் பத்து நாளில் இடம் பிடித்துவிட்டன. இடம் பிடிக்காமல் இருந்தது அத்தை மட்டும்தான்.

அத்தை ஐம்பது வருஷம் குடியிருந்தது விசைத்தறி ஓடும் தெரு. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. ராத்திரி கரன்ட் போய் தறி நின்றால்தான் அவருக்கு முழிப்பே வரும். சாயங்காலம் நடந்தே கோமதி அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டு, வழியில் நாலு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவார். புது வீட்டிலிருந்து கோவிலுக்கு ஆட்டோ வேண்டும். திண்ணை கிடையாது. எதிர் வீட்டுக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும்.

"கதவப் பூட்டிட்டு உள்ள இருந்தா, யாரு வாரா, யாரு போறானு எப்படிட்டி தெரியும்?" என்று முதல் வாரம் கேட்டார். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பிரஷர், சுகர் எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அன்று ராத்திரி அத்தை என்னிடம், "என்னைய வீட்டுலயே கொண்டு விட்டுருங்களேன்" என்றார். எந்த வீட்டில் விடுவது? அவர் சொன்ன வீட்டில் வேறு குடும்பம் குடியேறி ஒரு மாதம் ஆகியிருந்தது.

வெளியே என்றால் எங்கே போவது? வழி காட்டியது மகளின் பாடப் புத்தகம். உப்பளம் பற்றிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்த அத்தை, "உப்பு எப்படித்தான் வெளையுது? எழுவது வருஷமாக் கொழம்புல போடுதேன், கண்ணால பாத்ததில்லயே" என்றார். மாசம் ஒரு ஞாயிறு, ஒரு கடற்கரை ஊர் என்று அப்போதே முடிவு செய்தோம்.

தூத்துக்குடி: உப்பு விளையும் இடம்

எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி சுமார் 100 கி.மீ. கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகப் போக வேண்டும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் வண்டி நகராது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடுத்தது உப்பளம்தான்.

கடல் நீரையோ, நிலத்தடியிலிருந்து இறைக்கிற உப்பு நீரையோ பாத்தி பாத்தியாகத் தேக்குகிறார்கள். வெயிலில் காயக் காய நீர் கெட்டியாகிறது. அதை அடுத்த பாத்திக்கு விடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு கல் கல்லாகப் படிகிறது. நீண்ட பிடி போட்ட பலகையால் அதை வாரிக் குவிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அதனால் மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே போய்விட்டோம்.

வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைக் குத்தும். அதனால் விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அத்தை போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் எத்தனை, கூலி எவ்வளவு, கண் எப்படி இருக்கிறது என்று அரை மணி நேரம் பேச்சு. மூன்று வாரமாக எங்களிடம் பேசாத பேச்சையெல்லாம் அங்கே பேசினார். வண்டியில் ஏறியதும், "அவ பாதத்தப் பாத்தியா? பாளம் பாளமா வெடிச்சிருக்கு. நம்ம வீட்டுல உப்பக் கொட்டினா சும்மாவாட்டி திட்டினாங்க பெரியவங்க" என்றார்.

மதியத்துக்கு மேல் பனிமய மாதா பேராலயம், பிறகு கடற்கரை. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது என்று மகள் பாட்டிக்கு வகுப்பு எடுத்தாள். ஒரு பெட்டி மக்ரூனும் பத்து கிலோ கல் உப்பும் வாங்கினோம். இருட்டியதும் அத்தை சொன்னார்: "நேரமாச்சு, வீட்டுக்குப் போவோம்."

அதுவரை ஃப்ளாட்டை அவர் 'அங்க' என்றுதான் சொல்லிவந்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க் கதவு திறந்தது

பத்து கிலோ உப்பை என்ன செய்வது? மறுநாள் அத்தை அதைச் சின்னச் சின்னப் பையாகக் கட்டினார். மாடியில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் தட்டினார். உப்பைக் கையோடு கையாகக் கொடுக்கக் கூடாது என்பது அவர் சாத்திரம். எதிர் வீட்டு அக்கா கதவைத் திறந்ததும், பையைத் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கம்மா, தூத்துக்குடி உப்பு" என்றாராம். அந்த அக்கா முதலில் பயந்துபோனதாகப் பின்னால் சொல்லிச் சிரித்தார்.

மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. சைவ வீடுகளுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர் வீடு சைவம், அதனால் அங்கே கடலைமிட்டாய் போனது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு தூக்கில் புளிக்குழம்பு வந்தது. அந்த வீட்டிலும் ஒரு பெரியம்மா இருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முட்டிவலி என்று அவரும் மாடியை விட்டு இறங்குவதே இல்லையாம்.

திருச்செந்தூர்: கருப்பட்டி வாசம்

அடுத்த பயணத்துக்கு அந்தப் பெரியம்மாவும் வந்தார். கந்த சஷ்டிக் கூட்டத்துக்கு முன்பே போய்விட வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். திருநெல்வேலி வழியாகப் போனோம். முருகனைக் கும்பிட்டு, நாழிக்கிணறு தீர்த்தம் தெளித்துக்கொண்டு, கடலில் கால் மட்டும் நனைத்தோம். முட்டிவலிக்காரரை அலை இருக்கிற பக்கம் இறக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் காவல் நின்றார்.

திரும்பும்போது உடன்குடிக்கு ஒரு சுற்று. அந்த ஊர்ப் பனங்கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல கருப்பட்டி எது என்று கண்டுபிடிக்க, கடைக்காரரை விட இரண்டு கிழவிகளும் அதிகம் பேசினார்கள். உடைத்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அதிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கருப்பட்டிக் காபி. எதிர் வீட்டுக் கதவும் எங்கள் கதவும் அந்த ஒரு மணி நேரம் திறந்தே இருக்கும்.

கொல்லம்: மலையைத் தாண்டிய கடல்

கொல்லத்துக்கு ரயில். சென்னை–கொல்லம், மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் இரண்டும் எங்கள் ஊரில் நின்றுதான் போகின்றன. மலையைப் பகலில் பார்க்க வேண்டுமானால் குருவாயூர் வண்டியில் ஏறுங்கள். செங்கோட்டை தாண்டியதும் சுரங்கப் பாதைகள், காடு, தென்மலைப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம். 1904-ல் திறந்த பாதை இது. அகலப் பாதையாகி முழுவதும் ஓடத் தொடங்கியது 2018-ல். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் கூட்டம் அதிகம் என்பதால் தை கடைசியில் போனோம்.

நம் பக்கம் கரிசல் காய்ந்து கிடக்க, ஒரு மலையைத் தாண்டினால் எல்லாம் பச்சை. அத்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் தங்கசேரி கலங்கரை விளக்கம், கடற்கரை. கொல்லம் முந்திரிக்குப் பேர்போன ஊர். முந்திரி உடைக்கும் ஆலைகளிலும் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள்தான் என்று கேள்விப்பட்டதும், "உப்புலயும் பொம்பள, முந்திரியிலயும் பொம்பளயா" என்றார் அத்தை.

பெரியவர்களோடு புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அத்தைக்கு லிஃப்ட் இன்னும் பிடிக்காது, தனியாக ஏற மாட்டார். சில ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "சத்தமே இல்லயே" என்பார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் சாப்பாடு பழையபடி ஆகிவிட்டது. 'கொண்டு விட்டுருங்க' என்ற பேச்சு வரவில்லை.

நான் பார்த்தவரை சில விஷயங்கள் உதவின. பெரியவர்கள் புழங்கிய ஒரு பொருளையாவது அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அத்தையின் வெற்றிலைச் செல்லம் ஹாலில்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் காயப்போட அசோசியேஷனில் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். வெளியூர் போனால் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஏதாவது வாங்கி வாருங்கள். அதை நீங்கள் கொடுக்காதீர்கள், பெரியவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பயணத்தில் மாத்திரை, மெத்தென்ற செருப்பு, மாற்றுச் சேலை மூன்றும் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது கன்னியாகுமரி. சித்திரா பௌர்ணமி அன்று சாயங்காலம், ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறு பக்கம் நிலா ஏறுவதை அங்கே ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று பெரியம்மா எங்கிருந்தோ கேட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு தடவை ஞாயிறுக் கணக்கு கிடையாதாம். கீழ் வீட்டிலும் வருகிறோம் என்கிறார்கள். இதுவரை ஒன்பது பேர், வேன் பேசியாயிற்று. புளியோதரை எங்கள் வீட்டுப் பொறுப்பு, துவையல் எதிர் வீட்டுப் பொறுப்பு. ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதில்தான் இரண்டு பெரிய மனுஷிகளுக்கும் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.