ஆறு மாசம் சும்மா இருங்கள்!

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். பழைய நண்பர். குரலில் ஏக உற்சாகம்.

‘‘மாமனாருக்கு ரிடையர்மென்ட் பணம் வந்துடுச்சுப்பா. மொத்தமா 40 லட்சம். எதுல போடலாம், சொல்லு!’’

‘‘பணம் எப்ப வந்தது?’’

‘‘முந்தாநாள்.’’

‘‘வந்தது யார் யாருக்குத் தெரியும்?’’

நண்பர் சிரித்தார். ‘‘எல்லாருக்கும்தான். சொந்தக்காரங்க, பேங்க்காரங்க, அக்கம்பக்கம்... ஏன் கேக்கறே?’’

ஏன் கேட்டேன் என்பதை அவருக்கு போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. உங்களுக்கு இந்தப் பக்கத்துக்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

‘திடீர்ப் பணம்’ என்றால் நமக்கு உடனே லாட்டரிதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை போட்டாயிற்று. ஆனாலும் நம் வீடுகளுக்குள் திடீரென்று பெரிய பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ரிடையர் ஆகும்போது பி.எஃப்., கிராச்சுவிட்டி. பூர்வீக நிலத்தை ரோடு போட அரசாங்கம் எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு. குடும்பத் தலைவர் போய்ச் சேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை.

கவனித்தீர்களா? இதில் எதுவுமே அதிர்ஷ்டம் இல்லை. ஒருத்தருடைய முப்பது வருஷ உழைப்பு, ஒரு பரம்பரையின் நிலம், ஒரு மனுஷனின் உயிர். ஆனால், மொத்தமாகக் கைக்கு வந்த மறுநிமிஷம் அதற்கு நாம் வைக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘சும்மா வந்த பணம்’!

என் பெரியப்பா ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தவர். கவுன்ட்டரில் ஒரு ரூபாய் குறைந்தால்கூட ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகள் வி.ஆர்.எஸ். திட்டம் கொண்டு வந்தன. நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 52. பென்ஷனுக்கு பதிலாக பி.எஃப். போதும் என்று முன்பே தேர்ந்தெடுத்திருந்தார். ஆக, கைக்கு வந்த 9 லட்சம்தான் மிச்ச ஆயுளுக்கும்.

நான் அப்போது பி.காம். கடைசி வருஷம். டெபிட், கிரெடிட் எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு. ஆனால், அந்த மூன்று மாதத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நான் கற்றுக்கொண்டது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பணம் வந்த வாரமே உறவுக்காரர் ஒருவர் வந்தார். டிராவல்ஸ் ஆரம்பிக்கிறாராம். ‘‘வேத்தாள்கிட்ட கேக்க மனசு வரலைண்ணே.’’ 3 லட்சம். அடுத்தது, கம்ப்யூட்டர் கம்பெனி ஷேர். ‘‘விலை இறங்கிக் கிடக்கு சார், இப்ப விட்டா கிடைக்காது’’ என்றார் ஒரு புரோக்கர். 2001 மார்ச்சில் சந்தையே சரிந்தது. அங்கே ஒரு 3 லட்சம். மாடியில் ஒரு போர்ஷன் கட்டினால் வாடகை வருமே என்று இறங்கியதில் 2 லட்சம் போய், பாதிச் சுவரோடு நின்றது.

ஒரு வருஷத்துக்குள் கையில் மிஞ்சியது ஒரு லட்சம். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போனார் பெரியப்பா. டிராவல்ஸ்காரர் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பெரியம்மா ஒருநாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ‘‘அந்தப் பணம் வராமயே இருந்திருக்கலாம்டா. மனுஷங்களாவது மிஞ்சியிருப்பாங்க.’’

அடுத்தவர் பணத்தை முப்பது வருஷம் ஒரு பைசா பிசகாமல் காத்தவர், தன் பணத்தை ஒரே வருஷத்தில் விட்டது எப்படி?

இதற்குப் பதில் சொன்னவர் ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 2017-ல் நோபல் பரிசு வாங்கியவர். மனிதர்கள் பணத்தை ஒரே பையில் வைப்பதில்லை. மனசுக்குள் தனித்தனி உண்டியல் வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி செலவழிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன விஷயம். சம்பளம் ஒரு உண்டியல், திடீர்ப் பணம் இன்னொரு உண்டியல். ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குப் பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்கிற அதே ஆள், மொத்தப் பணம் வந்ததும் மூன்று லட்சத்தை வாய் வார்த்தையை நம்பித் தூக்கிக் கொடுப்பது இதனால்தான். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிகள் நோபல் பரிசு வாங்காமலேயே சொல்லி வைத்தார்கள். நாம்தான் கேட்கவில்லை.

சரி, யார் யார் வருவார்கள்? மூன்று பேர் நிச்சயம்.

முதலில், வங்கியில் இருந்து ஒருவர். உங்கள் கணக்கில் பெரிய தொகை விழுந்தது உங்கள் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். காபி கொடுத்து உட்கார வைப்பார். ‘‘எஃப்.டி.யில போட்டா வேஸ்ட் சார்’’ என்று ஆரம்பித்து, முதலீடும் இன்ஷூரன்ஸும் கலந்த ஒரு பாலிசியை நீட்டுவார். யூலிப் வகை பாலிசி என்றால் 2010 செப்டம்பரில் இருந்து 5 வருஷத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது. 60 வயதுக்காரருக்கு அது எதற்கு என்று கேட்டால், டார்கெட் என்பார், அவருடைய டார்கெட்! அப்படி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்பு 15 நாளாக இருந்ததை 2024-ல் 30 நாளாக்கினார்கள். இதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

இரண்டாவது, ‘மாசாமாசம் கொட்டும்’ பார்ட்டி. தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூடிக்கொண்டு ஓடி, டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற 1997-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட்டது. நாம் திருந்தினோமா? 2022-ல் ஆருத்ரா விவகாரம் வெடித்தது. மாதத்துக்கு 25 சதவிகிதத்துக்கு மேல் தருவதாக ஆசை காட்டி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் சொன்னது போலீஸ். ஒரு நிமிஷம் யோசியுங்கள். மாதம் 25 சதவிகிதம் என்றால் நாலே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் பணம் எதற்கு சார்? பேங்கில் 12 சதவிகிதத்துக்குக் கடன் வாங்கியே அவர் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே!

மூன்றாவது ஆள்தான் ஆபத்தானவர். ஏனென்றால், அவர் நம் சொந்தம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு சகோதரி. 2021 கொரோனாவில் கணவரை இழந்தார். 25 லட்சம் இன்ஷூரன்ஸ் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கூடத்தில் மாநாடு. கொழுந்தனார் சொன்னார்: ‘‘அண்ணி, பேங்க்ல கிடந்து என்ன ஆகப் போகுது? நம்ம கடையில போடுங்க. மாசம் பத்தாயிரம் தர்றேன்.’’ கூடப் பிறந்த தம்பியோ, ‘‘செங்கல்பட்டு பக்கம் மனை வாங்கிப் போட்டுடுக்கா’’ என்றார். ஆளாளுக்கு ஒரு யோசனை. அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்கவில்லையா? கேட்டார்கள்... ‘‘செக் புக் எங்கம்மா இருக்கு?’’

அவர் அதிகம் படித்தவர் இல்லை. அதுவரை ஒரு செக்கில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால், தெளிவாகச் சொன்னார்: ‘‘பையன் ப்ளஸ் டூ முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் அந்தப் பணத்தைத் தொடப் போறதில்லை.’’

‘புருஷன் செத்த பணத்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா’ என்று ஊர் பேசியது. பேசட்டும். பையனுடைய காலேஜ் ஃபீஸை அவர் யாரிடமும் கையேந்தாமல் கட்டினார். கொழுந்தனாரின் கடை இரண்டு வருஷத்தில் கை மாறிவிட்டது.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் உண்மையிலேயே கடை ஓடும் என்றுதான் நம்பினார். அதுதான் சிக்கல். திருடனிடம் உஷாராக இருந்துவிடலாம். நம்பிக்கையோடு வரும் நல்ல மனுஷனிடம் எப்படி இருப்பது?

அதற்குத்தான் சொல்கிறேன். ஆறு மாசம் சும்மா இருங்கள்!

‘‘பணத்தைத் தூங்கவிடலாமா சார்?’’ என்று பாய்வீர்கள். வாருங்கள், கணக்குப் போடுவோம். 40 லட்சத்தை 6 சதவிகிதத்தில் ஆறு மாதம் டெபாசிட்டில் போட்டால் வட்டி 1,20,000. ஒரு மகாபுத்திசாலி 12 சதவிகிதம் சம்பாதித்துக் காட்டுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும் 2,40,000. வித்தியாசம் 1,20,000 ரூபாய். அதாவது, அசலில் 3 சதவிகிதம். அவசரப்பட்டால் போவது என்ன? பெரியப்பாவுக்குப் போனது ஒன்பதில் எட்டு.

இன்னொரு கணக்கு. 40 லட்சம் என்று சொன்னால் மலை மாதிரி தெரிகிறது. 7 சதவிகிதத்தில் போட்டால் மாதம் 23,300 ரூபாய் வரும். அவ்வளவுதான்! அதில் 20 லட்சத்தை யாருக்காவது தூக்கிக் கொடுத்தால், சாகும்வரை மாதாமாதம் வருமானத்தில் பாதியைக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். தொகையை மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். ‘சும்மா வந்த பணம்’ மறுபடியும் சம்பளம் ஆகிவிடும். தேலர் சொன்ன உண்டியல் உடைந்துவிடும்.

சும்மா இருப்பது என்றால் தலையணைக்கு அடியில் வைப்பது இல்லை. இரண்டு மூன்று நல்ல வங்கிகளில் பிரித்து டெபாசிட் போடுங்கள். வங்கிக்கே ஏதாவது ஆனால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்தில் இருந்து உயர்த்தினார்கள். ‘எங்கே போனாலும் இது பத்திரம்’ என்ற பேச்சையெல்லாம் நம்பாதீர்கள். நாடே பத்திரம் என்று நம்பிய யு.எஸ்.64 திட்டத்தில் 2001 ஜூலையில் பணத்தைத் திருப்பித் தருவதை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது யூனிட் டிரஸ்ட்.

ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கடன். கிரெடிட் கார்டு பாக்கியும் பர்சனல் லோனும் இருந்தால் முதல் வாரமே அடைத்துவிடுங்கள். இரண்டு, போஸ்ட் ஆபீஸிலும் வங்கிகளிலும் இருக்கும் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம். 60 வயதைத் தாண்டியவர் 30 லட்சம் வரை போடலாம். 55 வயதுக்கு மேல், 60-க்குள் ரிடையர் ஆனவர் என்றால் பணம் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். போடும் அன்று என்ன வட்டியோ அதுதான் 5 வருஷமும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

ஒரு சின்னப் பங்கை, இருபதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆசைக்கு ஒதுக்குங்கள். மனைவியோடு காசிக்குப் போங்கள். தங்கைக்குக் கொடுக்க நினைத்தால் கடனாகக் கொடுக்காமல் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும் என்று காத்திருந்துதான் உறவு கெட்டுப் போகிறது.

கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? ஒரே பதில். ‘‘டெபாசிட்ல போட்டாச்சு. ஆறு மாசத்துக்கு எடுக்கிறதா இல்லை.’’ டெபாசிட்டை நடுவில் உடைக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள். நிஜமாகவே அவசரம் உள்ளவர் ஆஸ்பத்திரி பில்லோடு மறுபடி வருவார், அவருக்கு உடையுங்கள். மற்றவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போவார்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். பணத்துக்கு இதைவிடப் பெரிய பொருளாதாரம் எனக்குத் தெரியாது.

போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இழுத்தார்.

‘‘அது வந்து... நானே ஒரு அஞ்சு லட்சம் அவர்கிட்ட கைமாத்தா கேக்கலாம்னுதான் இருந்தேன்.’’

‘‘ஆறு மாசம் கழிச்சுக் கேளு’’ என்று போனை வைத்தேன்.