மூளையின் மீது பழி சுமத்துவோர்

தியானம் பயில்வோரின் மூளை அமைப்பே மாறிவிடுகின்றது என்ற கூற்று இன்று வேதவாக்காக வழங்குகின்றது. முன்னர் ஆண்டவன் பெயரால் விற்கப்பட்ட ஆறுதல், இப்பொழுது ஆய்வுகூடத்தின் பெயரால் விற்கப்படுகின்றது. விஞ்ஞான நோக்கை வேண்டி நிற்கும் நாம் இக்கூற்றை உரைத்துப் பார்த்தல் கடமையாகும்.

இதன் அத்திவாரம் யாது? 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த சாரா லாசரும் அவர் குழுவினரும், தியானத்தில் நெடுங்காலம் ஊறிய 20 பேரின் மூளையைப் படம்பிடித்து, மேற்பட்டையின் சில பகுதிகள் தடித்திருக்கக் கண்டனர். எட்டு வாரப் பயிற்சி பெற்ற 16 பேரின் மூளையில், நினைவாற்றலோடு தொடர்புடைய பகுதியில் நரைநிறப் பொருள் செறிவுற்றதென 2011இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. இவை பொய்யல்ல, ஆனால் மிகச் சிறியவை. தியானம்தான் மூளையைத் தடிக்கச் செய்ததா, அன்றி அத்தகைய மூளையும் வாழ்க்கை வசதியும் உடையோரே தியானத்தை நாடினரா என்பதை முதலாவது ஆய்வு கொண்டு தீர்மானித்தல் இயலாது. இரண்டாவதிலோ, பயிற்சி பெற்றோரும் பெறாதோரும் எழுமாறாகப் பிரிக்கப்பட்டாரல்லர். 2022இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர், எழுமாறாகப் பிரிக்கப்பட்ட இருநூறுக்கு மேற்பட்டோரிடம் அதே வகையான எட்டு வாரப் பயிற்சியைச் சோதித்தபோது, மூளை அமைப்பில் அத்தகைய மாற்றம் எதுவும் புலப்படவில்லை.

தியானமே வீண் என நாம் சாதிக்க முற்படவில்லை. 47 பரிசோதனைகளை 2014இல் தொகுத்தாராய்ந்தோர், மனப் பதற்றத்தையும் சோர்வையும் நோவையும் அது ஓரளவு தணிக்கும் என்றனர். ஆயின், மருந்தையோ தேகப்பயிற்சியையோ விட அது மேலானதென்பதற்குச் சான்று இல்லை என்பதும் அவர்தம் முடிபே.

இவ்வாறிருக்க, 'மாறும் மூளை' பற்றிய கதை முதலாளிகளுக்கு இனிப்பது ஏன்? துன்பத்தின் ஊற்று தொழிலாளியின் தலையோட்டினுள் இருப்பதாயின், தொழிற்சாலையைத் திருத்த வேண்டிய தேவை எழாதன்றோ! 2021இல் அமேசன் நிறுவனம் தன் களஞ்சியத் தொழிலாளர்க்கென ஒரு சிறு கூண்டை அறிமுகஞ் செய்தது. உள்ளே தனித்தமர்ந்து மன அமைதிக்கான படங்களைப் பார்க்கலாம். வெளியே வேலையின் வேகம் தணியாது. உலகம் எள்ளி நகைக்கவே, அதுபற்றிய விளம்பரப் படத்தை நிறுவனம் மீட்டுக்கொண்டது.

வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. பிரித்தானியாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் நடத்தப்பட்ட பெரும் பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. பள்ளியில் கற்பிக்கப்பட்ட மனவிழிப்புப் பயிற்சி, வழமையான போதனையிலும் மேலான மனநலத்தை அளிக்கவில்லை என்பதே அது.

விரும்புவோர் கண்மூடி அமர்க. அதனை நாம் தடுக்கவில்லை. ஆனால் பசித்த வயிற்றோடும் பரீட்சைப் பீதியோடும் வரும் பிள்ளையிடம், அலையும் மனமே உன் குற்றம் என்று கூற எந்த ஆசிரியரும் உடன்படலாகாது. பசியையும் பீதியையும் விளைப்பவை எவையோ, அவற்றை நோக்கிக் கண் திறப்பதே நாம் பயிலவும் பயிற்றவும் வேண்டிய முதற்பாடம்.