அவர்களோடு சிரிப்போம்

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. கடலூர், சிதம்பரம் பகுதி முதியோர் தங்கள் கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் சோறு போட வைக்கும் சட்டத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்க முடியுமா?

முதிர்வயதில் மகன் பிறப்பான் என்றதும் சாரா சிரித்தார். சாரா ஏன் சிரித்தார் என்று கேட்ட ஆண்டவர், வாக்கைத் திரும்பப் பெறவில்லை. சிரிப்பே பிள்ளைக்குப் பெயரானது: ஈசாக்கு.

பல்செட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடும் தாத்தா நம் வீட்டிலும் உண்டு. எரிந்து விழலாம், சேர்ந்து சிரிக்கவும் செய்யலாம். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது வேறு, அவர்களோடு சிரிப்பது வேறு. அறிவு மங்கிய தந்தையிடமும் பொறுமை காட்டச் சொல்கிறது சீராக்கின் ஞானம். படுக்கை மாற்றி, மருந்து கொடுத்துக் களைத்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு தேவை.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், பத்து நிமிடம் அவர்கள் அருகே உட்காருவோம்.