எல்லாத்தையும் மெயினுக்குள்ளேயே கொட்டாதீங்க!

சி லேபில் ஆர்ம்ஸ்ட்ராங் நம்பர் புரோகிராம் எழுதாத ஆளே நம்ம காலேஜில் இருக்க முடியாது. ஆனா அதைப் பங்ஷனாப் பிரிச்சு எழுதினவங்க எத்தனை பேர்? ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்க. ‘பங்ஷன்’னு தலைப்புப் போட்ட எக்சர்சைஸில் மட்டும்தான் பங்ஷன் இருக்கும். மத்ததெல்லாம் மெயினுக்குள்ளேயே முடிஞ்சிடும். “பத்து வரிக் கணக்குக்கு எதுக்கு பங்ஷன்?” என்பாங்க. பத்து வரிக் கணக்குக்குத்தான் வேணும் என்பது என் கருத்து.

153-ஐ எடுத்துக்கோங்க. இலக்கங்களோட கனங்கள் 1, 125, 27. கூட்டினா 153. லூப்பில் பத்தால் வகுத்துக்கிட்டே போனா, கடைசியில் நாம கொடுத்த நம்பரே பூஜ்ஜியம் ஆகிடும். அப்புறம் எதோட ஒப்பிடுறது? அதுக்குத்தான் ‘டெம்ப்’னு ஒரு வேரியபிளில் முதல்லயே காப்பி எடுத்து வைக்கிறோம். ஏன்னு தெரியாமலே அந்த வரியை மனப்பாடம் பண்ணி வைவாவில் முழிக்கிறவங்க நிறைய.

இதையே கனங்களைக் கூட்டி ரிட்டர்ன் பண்ற தனிப் பங்ஷனா எழுதுங்க. சி-யில் பங்ஷனுக்குப் போறது மதிப்போட நகல்தான். உள்ளே அது பூஜ்ஜியம் ஆனாலும் மெயினில் 153 அப்படியே நிக்கும். டெம்ப் தேவையே இல்லை. ரெண்டு மார்க்குக்குப் படிச்ச ‘கால் பை வேல்யூ’ இதுதான்!

அடுத்து, 20 பேரில் 2 பேரை எத்தனை விதமாத் தேர்ந்தெடுக்கலாம்? விடை 190. பார்முலாவில் மூணு பேக்டோரியல். எல்லாம் மெயினில்னா ஒரே லூப்பை மூணு தடவை எழுதணும். அதுலயும் ஒரு சிக்கல். நாலு பைட் இன்ட்டோட உச்ச எல்லை 2147483647. 12 பேக்டோரியல் 479001600, அடங்கும். 13 பேக்டோரியல் 6227020800, அடங்காது. அப்போ 20-க்கு வர்ற விடை குப்பைதான். மூணு லூப் எழுதினவர் மூணையும் தேடித் திருத்தணும். பங்ஷன் எழுதினவர் அதை மட்டும் லாங் லாங்குக்கு மாத்தினா போதும், 20 பேக்டோரியல் வரை தாங்கும்.

ஒரு நிபந்தனை: விடையைப் பங்ஷனுக்குள்ளேயே பிரிண்ட் பண்ணாதீங்க, ரிட்டர்ன் பண்ணுங்க. திரையில் அச்சாகிற விடையை இன்னொரு கணக்குக்குள்ள போட முடியாது.

நேரமில்லாத எக்ஸாமில் மெயினிலேயே முடிக்கிறது நியாயம்தான். ஆனா பழக்கம் லேபில்தான் வரும். கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல் எழுதின புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே, அடுக்கு கணக்கிடுற ஒரு குட்டி உதாரணத்தோட பங்ஷன் வந்துடுது. நமக்கு மூணாவது யூனிட் வரை காத்திருக்கணும். பிளேஸ்மென்ட் கோடிங் ரவுண்டில் பல சமயம் பங்ஷனோட தலையை மட்டும் கொடுத்து, “உடம்பை நீ எழுது”ன்னு கேட்பாங்க. ஸ்கேன்எஃப், பிரிண்ட்எஃப் இல்லாம கை ஓடாதவங்க அங்கேதான் திணறுறாங்க.

ஜூனியர்ஸ், அடுத்த லேபில் ஒரே ஒரு புரோகிராமையாவது பிரிச்சு எழுதிப் பாருங்க. அவுட்புட் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போடுற சாருக்கும் ஒரு வேண்டுகோள்: கோடையும் கொஞ்சம் பாருங்க, சார்.