அழகுவாயிலில் இன்னும் எத்தனை நாள்?

எருசலேம் கோவிலின் அழகுவாயிலில், பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவரை நாள்தோறும் சுமந்துவந்து வைத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் மூன்றாம் அதிகாரத்தில் கூறுகிறது. சுமந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். காசு போட்டவர்களும் இரக்கமற்றவர்கள் அல்லர். ஆயினும் அத்தனை இரக்கமும் சேர்ந்து அவரை அந்த வாயிலைத் தாண்ட வைக்கவில்லை. பேதுருவும் யோவானும் வந்த பிறகே அவர் எழுந்து அவர்களோடு கோவிலுக்குள் நுழைந்தார். அத்திருத்தூதர்கள் செய்த புதுமையை நாம் செய்ய இயலாது. ஆனால் ஒருவரை உள்ளே அழைத்துச் செல்வதற்குப் புதுமை வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும். அந்த மனம் நம் நிறுவனங்களில் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

நாம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் கூறவில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்; எழுப்பியவர்கள் சீர்திருத்தச் சபை சார்ந்த நம் கிறிஸ்தவ சகோதரிகள். சென்னை அடையாறில் மாண்ட்போர்ட் சபைச் சகோதரர்களின் புனித லூயிஸ் நிறுவனம் ஆற்றிவரும் கல்விப் பணியை நாடறியும். கேள்வி அதற்கு அப்பால் எழுகிறது. படித்து முடித்த பின் அந்த இளைஞர் எங்கே போகிறார்? பெரும்பாலும் மெழுகுவர்த்தி வார்க்கவும், சுண்ணக்கட்டி செய்யவும், பிரம்பு நாற்காலி பின்னவும் அனுப்பப்படுகிறார். கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் கோவில் வளாகத்தில் ஒரு மேசை போட்டு அப்பொருள்களை விற்கிறோம். வாங்குபவர் மெழுகுவர்த்திக்காக வாங்குவதில்லை, மனச்சாந்திக்காக வாங்குகிறார். ஆண்டு முழுவதும் வயிறு நிரப்பாத பயிற்சிக்கு மறுவாழ்வு என்று பெயரிடுவது சொல்லுக்கே இழுக்கு.

அரசும் இதில் நல்லாசிரியனாக நடந்துகொள்ளவில்லை. நடுவண் அரசின் கடைநிலைப் பணிகளில் 3 விழுக்காட்டு ஒதுக்கீடு 1977இலேயே வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதை உயர்பணிகளுக்கும் விரித்தது. ஆனால், எந்தெந்தப் பணியிடம் இவர்களுக்கு ஏற்றது என்று முதலில் அடையாளம் காண வேண்டும், அதன் பிறகே ஒதுக்கீடு என்று துறைகள் வாதிட்டன. அடையாளம் காணும் வேலையையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தன. குடிமைப்பணித் தேர்வில் வென்ற பார்வையற்ற ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அடையாளம் காணாததைக் காரணமாகக் காட்டி உரிமையை மறுக்கலாகாது என 2010இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டை மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று 2013இல் மீண்டும் கூற வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அளவை 4 விழுக்காடாக உயர்த்தி, மனவளர்ச்சிக் குறைபாடு, மனநோய் உள்ளோரையும் அதில் சேர்த்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர் இவ்வாறு குறைபாடுகளோடு வாழ்ந்தனர்.

அரசைக் குறைகூறுவது எளிது. நம் வீட்டுக் கதவைத் திறந்து பார்ப்போம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிறுவனம் என்பதற்குத் தரும் இலக்கணத்தில், அரசின் உதவிபெறும் அமைப்புகளும் அடங்கும். நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள், கல்லூரிகள் எத்தனை! கேரளத்தில் இத்தகைய பள்ளிகளில் 4 விழுக்காட்டு ஒதுக்கீடு பற்றிய வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அழைப்பதற்கு முன் நற்செய்தி அழைத்திருக்க வேண்டாமா?

இதைக் கேட்டதும் நிர்வாகிகளிடமிருந்து மூன்று மறுமொழிகள் வரும்.

தகுதியுள்ளோர் கிடைப்பதில்லை என்பது முதலாவது. எங்கே தேடினீர்கள்? நேர்முகத் தேர்வு நடக்கும் அறை எத்தனையாவது மாடியில் இருக்கிறது? அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பார்வையற்ற ஆசிரியர்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம் வகுப்பறை வாயிலில் மட்டும் தகுதி இழந்துவிடுவார்களோ? இவ்வாண்டு ஆள் கிடைக்காவிட்டால் அவ்விடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது சட்டம். தேடுவதற்குக் காலமும் தரப்பட்டிருக்கிறது.

சிறுபான்மை உரிமை என்பது இரண்டாவது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமை விலைமதிப்பற்றது; அதை நானும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அதை இங்கே கேடயமாகப் பிடிக்க என்ன தேவை? கத்தோலிக்கருள் பார்வையற்றோர் இல்லையா? காது கேளாதோர் நம் பங்குகளில் இல்லையா? நம் மக்களைக் கொண்டே நிரப்பக்கூடிய இடங்களை நிரப்பாமல் இருப்பதற்குச் சிறுபான்மை உரிமையைச் சாட்சிக்கு அழைப்பது அவ்வுரிமைக்கே அவமதிப்பு.

நாங்கள் ஏற்கெனவே தொண்டு செய்கிறோமே என்பது மூன்றாவது. தருமம் கூலிக்கு ஈடாகாது. நீதியாகக் கொடுக்க வேண்டியதை அன்பளிப்பாகக் கொடுத்துக் கணக்குத் தீர்த்துவிட முடியாது.

இது என் சொந்தக் கருத்தன்று. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஊனமுற்றோருக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். முழு வலிமை உள்ளோரை மட்டும் பணியில் சேர்ப்பது, வலியோர் மெலியோர்மீது இழைக்கும் கடும் பாகுபாடு என்பதே அதன் சாரம். திருச்சபை தன் சட்டத்தையும் திருத்திக்கொண்டது. பீடப்பணிக்கு இடையூறான உடற்குறையை 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு குருத்துவத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு அத்தடையை எடுத்துவிட்டது. பலிபீடத்துக்கே தடையில்லை என்றான பின், பள்ளி அலுவலக எழுத்தர் நாற்காலிக்கு ஏன் தடை? திக்குவாயன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மோசேயைக் கடவுள் தள்ளிவிடவில்லை. ஆரோனைத் துணைக்கு அமர்த்தி அவரிடமே பணியை ஒப்படைத்தார். சாய்தளமும், சைகைமொழி பெயர்ப்பவரும், கணினித் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளும் இக்காலத்து ஆரோன்கள்.

பொதுநிலையினராகிய நாமும் தப்பிக்க முடியாது. கடையும் தொழிற்கூடமும் நிறுவனமும் நடத்துவோர் நம்மிடையே உண்டு. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டம். 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாயின், எந்தெந்தப் பணியிடங்கள் இவர்களுக்கு உரியவை, எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவர் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகையில் அது இருக்கிறதா? நம் சொந்தக் கடையில்?

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நம் பள்ளியில், நம் மருத்துவமனையில், மறைமாவட்ட அலுவலகத்தில் ஊதியம் பெறுவோர் எத்தனை பேர்? அவர்களுள் ஊனமுற்றோர் எத்தனை பேர்? இரண்டு எண்கள்தாம். அவற்றை ஆண்டுதோறும் இறைமக்கள் முன் படிக்கட்டும். மெழுகுவர்த்தி விற்கும் மேசையை அதன் பிறகு போடலாம்.