கோணியில் போட்ட கொக்கி

மொழிபெயர்ப்பாளரின் தூக்கத்தைக் கெடுப்பவை பெரிய சொற்கள் அல்ல. அமைப்பியல், பின்நவீனத்துவம் போன்றவற்றுக்கெல்லாம் யாரோ ஒரு பேராசிரியர் ஏற்கனவே தமிழ் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்களை மாட்டிவிடுபவை சின்னச் சொற்கள்தான். சென்ற மாதம் கனடாவின் கேப் பிரெட்டன் தீவைப் பற்றிய பயணக் கட்டுரை ஒன்று என் மேஜைக்கு வந்தது. மலை, கடல், திமிங்கிலம் எல்லாம் தடையில்லாமல் தமிழில் இறங்கின. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: உள்ளூர்ப் பெண்களின் 'ரக் ஹூக்கிங்' குழு வாரம் ஒரு முறை கூடுகிறது. அந்த வரியில் ஒரு மணி நேரம் நின்றேன்.

'ரக்' என்றால் கம்பளமா, ஜமுக்காளமா, விரிப்பா? கம்பளம் என்றால் முடிச்சுப் போட்டு நெய்வது. ஜமுக்காளம் என்றதும் பவானித் தறி கண் முன் வந்து நிற்கும். இது இரண்டும் இல்லை. 'ஹூக்கிங்' அதைவிட மோசம். "கொக்கி போடுதல்னு எழுதிடுங்க மேடம், கரண்ட் திருடற கூட்டம்னு படிக்கிறவங்க நெனைச்சுப்பாங்க" என்றார் பக்கத்து மேஜை நண்பர். ஆங்கிலத்திலும் நிலைமை இதைவிட மேல் இல்லை. கொக்கி போடுபவளைக் குறிக்கும் சொல் அமெரிக்கத் தெருக்களில் வேறு தொழிலைக் குறிக்கும். இந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் அந்தச் சொல்லை ஒளித்து வைப்பதில்லை. தங்களுக்கே சூட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கடைசியில் 'கொக்கிப் பின்னல் விரிப்பு' என்று எழுதினேன். அன்று மாலை விளம்பரம் ஒன்று வந்ததில் இடம் போதாமல் அந்த வரியே வெட்டப்பட்டது. ஆனால் விஷயம் என்னை விடவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, கதை நம் ஊர்ப் பக்கமே திரும்பி வந்தது.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாக்குத் துணியை ஒரு மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். வலது கையில் கொக்கி. அந்தக் காலத்தில் ஆணியை வளைத்து மரப் பிடியில் செருகினால் அதுதான் கொக்கி. இடது கை சட்டத்துக்கு அடியில் நூலையோ துணிக் கீற்றையோ பிடித்திருக்கும். கொக்கியை மேலிருந்து குத்தி, நூலைக் கவ்வி, சிறு கண்ணியாக மேலே இழுக்க வேண்டும். அடுத்த துளையில் அடுத்த கண்ணி. முடிச்சு என்பதே கிடையாது. சாக்கின் இழைகள் நெருக்கிப் பிடிப்பதால்தான் கண்ணி நிற்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான கண்ணிகள் சேர்ந்துதான் ஒரு ரோஜாவோ ஒரு படகோ உருவாகிறது.

அந்தச் சாக்குக்கு அமெரிக்காவில் ஒரு பெயர், பிரிட்டனில் ஒரு பெயர், நியூஃபவுண்ட்லாந்தில் 'பிரின்' என்று இன்னொரு பெயர். ஆங்கில அகராதி தரும் மற்றொரு பெயர் 'கன்னி'. இது நம் கோணிதான். சமஸ்கிருதத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் புழங்கிய 'கோணி' ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆயிற்று. சொல் மட்டுமல்ல, சரக்கும் இங்கிருந்தே போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்துச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளுக்குப் போனது. 1855இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவிலேயே ஆலை வந்தது. தானியமும் தீவனமும் அடைத்த சணல் சாக்குகள் உலகமெங்கும் சுற்றின. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் அவை காலியானபோது அங்கிருந்த ஏழைப் பெண்கள் அவற்றைப் பிரித்து, துவைத்து, சட்டத்தில் கட்டினார்கள். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தக் கலை அங்கே பரவியதற்கு மலிவான சாக்கு ஒரு முக்கிய காரணம். மெய்னில் எட்வர்ட் ஃப்ராஸ்ட் என்ற தெரு வியாபாரி 1860களின் இறுதியில் தகர அச்சு வெட்டி, சாக்கின் மேல் படம் அச்சடித்து விற்கவே தொடங்கிவிட்டார்.

கிழிந்த கோட்டு, பழைய கம்பளிச் சட்டை, இனி யாருக்கும் ஆகாத உள்பாவாடை எல்லாம் கீற்றுகளாகி விரிப்புக்குள் போயின. புது விரிப்பை வரவேற்பறையில் கவிழ்த்துப் போட்டு வைப்பார்கள். பாதிரியாரோ விருந்தாளியோ வந்தால்தான் நிமிர்த்துவது. நிறம் மங்கியதும் சமையலறைக்கு, பிறகு வாசற்படிக்கு. நம் வீட்டுப் பட்டுப்புடவை கொலுப்படிக்கும் பாத்திரம் மூடவும் இறங்கி வருகிற அதே பாதை.

இதுவரை இது வீட்டு வேலை. காசு உள்ளே வந்ததும் கதை மாறுகிறது.

நியூஃபவுண்ட்லாந்தின் வட கோடியிலும் லாப்ரடாரிலும் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் மருத்துவமனைகள் நடத்தினார். 1906இல் அமெரிக்காவிலிருந்து ஜெஸ்ஸி லூதர் என்ற கைவினை ஆசிரியை அங்கே வந்து சேர, மீனவப் பெண்களின் விரிப்புகள் வியாபாரப் பொருளாயின. 1920களின் இறுதியில் அமெரிக்கப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் போயிற்று: இழை பிரிந்த பட்டு ஸ்டாக்கிங்ஸை எறியாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள். மூட்டை மூட்டையாக வந்தன. சாயம் போட்டு, கீற்றாக வெட்டி, பனிக்கரடியும் நாய் வண்டியுமாக விரிப்புகள் உருவாயின. நியூயார்க் சீமாட்டி கழற்றி எறிந்த காலுறை, அவள் வீட்டுச் சுவரிலேயே தொங்க விலைக்குத் திரும்பிப் போயிற்று. செய்தவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பணம் அல்ல. நன்கொடையாக வந்த துணிமணிகளை வாங்கிக்கொள்ளும் சீட்டு. பசியோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிதுதான். இருந்தாலும் எனக்கு அந்தச் சீட்டு உறுத்துகிறது.

நான் அதிகம் யோசித்தது கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகாம்ப் என்ற ஊரைப் பற்றி. பிரெஞ்சு பேசும் அகேடியர்களின் மீனவ ஊர். 1755இல் ஆங்கிலேயர்கள் அகேடியர்களை நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டியடித்தார்கள். சிதறியவர்களில் சிலர் பிற்பாடு திரும்பி வந்து கட்டியது. ஆண்கள் பிடித்த மீனுக்குக் கம்பெனி காசு தராது. தன் கடையிலேயே கணக்கு எழுதிக்கொள்ளும். பெண்கள் பின்னிய விரிப்புக்கும் அதே கதி. வாசலுக்கு வரும் வியாபாரி விரிப்பை வாங்கிக்கொண்டு பதிலுக்கு லினோலியத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போவான். நம் தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் போடுபவனைப் போல.

1927இல் அங்கே லிலியன் பர்க் என்ற அமெரிக்கப் பெண் வந்தார். ஓவிய ஆசிரியை, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் குடும்பத்துக்கு நெருக்கமானவர். பெல் குடும்பத்தின் கோடை வீடு அதே தீவில் இருந்தது. விரிப்புகளைப் பார்த்த பர்க், கந்தலை விடுங்கள், கம்பளி நூலைப் பயன்படுத்துங்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் குறையுங்கள் என்றார். வடிவங்களை அவரே வரைந்தார். நியூயார்க்கில் ஆர்டர் பிடித்தார். சதுர அடிக்கு இவ்வளவு சென்ட் என்று ரொக்கமாகக் கொடுத்தார். கால்மிதி பின்னிய கைகள் 600 சதுர அடிக்கும் கூடுதலான மாளிகை விரிப்புகளைப் பின்னின. ஒரே சட்டத்தைச் சுற்றிப் பல பெண்கள் உட்கார்ந்து காலையிலிருந்து இரவு வரை வேலை செய்தார்கள். உலகமே மந்தத்தில் கிடந்த 1930களில் பல வீடுகளில் கண்ணில் பட்ட ஒரே ரொக்கம் அதுதான்.

ஆனால் பல பெண்களைச் சேர்ந்து உட்கார வைத்தால் பேசுவார்கள். என்ன விலைக்கு அங்கே விற்கிறது, நமக்கு எவ்வளவு வருகிறது என்ற பேச்சு. அந்த வட்டாரத்தில் அப்போது அன்டிகோனிஷ் கூட்டுறவு இயக்கம் சூடு பிடித்திருந்தது. மோசஸ் கோடி என்ற பாதிரியார் முன்னின்ற இயக்கம். கடன் சங்கம், மீனவர் சங்கம் என்று ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று சட்டத்தைச் சுற்றியும் அடித்தது. 1930களின் பின்பாதியில் பெண்களில் ஒரு பகுதியினர் பர்க்கை விட்டுப் பிரிந்தார்கள். 1932இல் கேபட் டிரெயில் சாலை போட்டு முடித்திருந்தார்கள், 1936இல் தேசியப் பூங்கா வந்தது. கார்களில் வந்த சுற்றுலாக்காரர்களுக்குப் பெண்கள் நேராகவே விற்றார்கள். இன்னொரு பகுதியினர் பர்க்கோடு நின்றார்கள். சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அந்தப் பிளவு எத்தனை சமையலறைகளில் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பர்க் சுரண்டினாரா? ஊரில் நெடுநாள் அப்படித்தான் சொல்லப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அவர் பக்கத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர் இதில் கோடீஸ்வரி ஆகவில்லை. சந்தை தேடி அலைந்ததற்கும் வரைந்ததற்கும் ஒரு விலை உண்டுதானே. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் கூலி கேட்டவர்களைத்தான் முதலில் புரிகிறது.

1963இல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து தங்களுக்கென்று கைவினைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். அதே ஊர்க்காரர் எலிசபெத் லெஃபோர்ட் கம்பளி நூலால் உருவப்படங்களே பின்னினார்; வெள்ளை மாளிகைக்கும் வத்திக்கானுக்கும் பக்கிங்காம் அரண்மனைக்கும் அவை போயின. 2005இல் காலமானார். அவர் பெயரில் ஊரில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது.

இன்றைய குழுக்களின் அன்றாடம் இதைவிட சாதுவானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் இவை இருக்கின்றன. ஒவ்வொருவரும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கையில் ஒரு கேக்கோ சூப்போ இருக்கும். பழைய துணிக்கடையில் தேடிப் பிடித்த கம்பளிப் பாவாடையை வெட்டிக் கீற்றாக்குவார்கள். ஒருத்தி சாயம் காய்ச்சிய பக்குவத்தை மற்றவளுக்குச் சொல்வாள். முடித்த விரிப்பைத் தூக்கிக் காட்டிப் பாராட்டு வாங்குவார்கள். 'ஹூக்-இன்' என்று ஆண்டுக்கொரு முறை பக்கத்து ஊர்க் குழுக்களையும் அழைத்துப் பெரிய கூடத்தில் உட்காருவார்கள். விற்பதற்காக அல்ல, பெரும்பாலும் பேரன் பேத்திக்கும் தர்ம குலுக்கலுக்கும். கூலிக்குப் பின்னினால் இந்த மணிக்கணக்குக்குக் கட்டுபடி ஆகாது என்பது அவர்களுக்கே தெரியும்.

கட்டுபடி ஆகிற இடம் எது? இன்று அமெரிக்கக் கடைகளில் 'கையால் கொக்கியிட்டது' என்ற சீட்டோடு மலிவாக விற்கும் விரிப்புகளில் பல சீனாவிலும் இந்தியாவிலும் செய்யப்பட்டவை. கோணியாகக் கப்பலேறியது, நூறு ஆண்டு கழித்து விரிப்பாகக் கப்பலேறுகிறது. சதுர அடிக்கு எவ்வளவு என்ற அந்தப் பழைய கேள்வியும் கூடவே இங்கே வந்துவிட்டது. லிலியன் பர்க்கின் பெயராவது ஷெட்டிகாம்ப் பெண்களுக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள ஒரு முகம் இருந்தது. நம் ஊரில் கூலிக்குச் செய்பவருக்கு மேஸ்திரிக்கு மேலே யார் என்பது அநேகமாகத் தெரியாது.

என் அம்மாவும் கால்மிதி செய்வாள். நைந்த நூல்புடவைகளைக் கிழித்துச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியால் சாக்கின் மேல் தைத்துவிடுவாள். தெருவில் பாதி வீட்டு வாசலில் அவள் கைவேலைதான் கிடக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு கைவினைக் கடைக்காரர் ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்து வாங்க ஆரம்பித்தார். ஒருநாள் அவளை அந்தக் கடைக்கே அழைத்துப் போனேன். அவள் செய்தது அலமாரியில் இருந்தது, 280 ரூபாய் என்ற சீட்டோடு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவனும் வாடகை குடுக்கணும் இல்லடி" என்றாள் அம்மா. ஆனால் அடுத்த முறை 80 கேட்டாள். அவர் 45 என்றார். அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது மறுபடி தெருவுக்கு இலவசம்.

இதை எழுதுமுன் ஷெட்டிகாம்ப் விரிப்பு ஒன்றின் படத்தை போனில் அவளிடம் காட்டினேன். ரோஜாக்கொத்து, சுற்றிலும் இலைக்கொடி. மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பின்பக்கத்தைக் காட்டு" என்றாள்.

படத்துக்குப் பின்பக்கம் இல்லையே அம்மா என்றேன்.

"அப்பறம் எப்படிச் சொல்றது?" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டாள்.